இருதயத்தைப் படம் பிடிக்கும் காந்தம்



மலையேறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ஈ.சி.ஜி., அப்புறம் எக்கோ எடுப்பார்கள். அவற்றில் தெளிவு கிடைக்காத சிலருக்கு மாத்திரம் டொக்டர் "எம்.ஆர்.ஐ. ஸ்கேன்" என்று துண்டு எழுதிக் கொடுப்பார். துண்டைக் கண்டதும் பயம் வந்துவிடும். "கரண்ட் வைப்பாங்களா? குழாய்க்குள்ளே போட்டு மூடிடுவாங்களா?" அந்தப் பயத்தைப் போக்கவே இதை எழுதுகிறோம்.

இது என்ன மெஷின்?

எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய காந்தம். பல மெஷின்களின் பலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30,000 மடங்கு. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் குட்டிக் காந்தங்கள் மாதிரி. பெரிய காந்தத்துக்குள் அவை வரிசைக்கு வரும். ரேடியோ அலையை அனுப்பினால் வரிசை கலையும். மறுபடி சேரும்போது அவை தரும் சைகையைக் கம்பியூட்டர் படமாக்கும். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. கரண்டும் உடம்பில் வைக்க மாட்டார்கள். குழாயின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும்.

எதைக் காட்டும்?

இருதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, வால்வு ஒழுகுகிறதா, பெரிய இரத்தக் குழாய் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். கடோலினியம் என்ற மருந்தை ஊசியால் ஏற்றினால், முன்பு வந்த மாரடைப்பில் செத்துப்போன தசை வெள்ளையாகத் தெரியும். எந்தத் தசை இன்னும் பிழைக்கும் என்று டொக்டர் கணிக்க இது உதவும். ஆனால் இருதயத்தின் மேலுள்ள மெல்லிய குழாய்களின் அடைப்பைப் பார்க்க ஆஞ்சியோகிராம்தான் பெரும்பாலும் தேவைப்படும்.

போகும் முன் என்ன செய்யணும்?

மெஷின் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியும் அப்படித்தான். மனசு கேட்காவிட்டால், உலோகம் இல்லாத வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸ் அம்மாவிடம் கேளுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளையில் கிளிப் போட்டவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களும் மறைக்கக் கூடாது. கண்ணுக்குள் சிறு இரும்புத் துகள் இருந்தால் அது நகர்ந்து பார்வையே போகலாம்.

உள்ளே தடதடவென்று பெரிய சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். "மூச்சைப் பிடிங்க" என்றால் சில விநாடி பிடிக்க வேண்டும். ஆடாமல் படுத்திருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பயமாக இருந்தால் கையிலுள்ள பந்தை அமுக்குங்கள், வெளியே எடுப்பார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்

திடீர் நெஞ்சு வலிக்கு எம்.ஆர்.ஐ. வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சின் நடுவில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு லயத்தில் படுத்திருக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அப்போது முதலில் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி.தான். உயிர் இருந்தால்தான் ஸ்கேன்.