எகிப்தின் குதிரைகளும் கோரேசும்

ஆங்கிலேயரை எதிர்த்த தேசபக்தர் அவர்தம் பகைவராகிய ஜெர்மனியையும் ஜப்பானையும் நாடியது தகுமோ என்று வாலிபர் கூட்டங்களில் நம்மை வினவுகின்றனர். விடை கூறுமுன், திருச்சி காந்தி மார்க்கெட்டை அடுத்த வரகனேரிக்கு நம் சிந்தையைத் திருப்புவோம். 1881இல் அங்குப் பிறந்தவர் வ.வே.சு. ஐயர்.

சட்டம் பயில இலண்டன் சென்ற அவர், இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்து ஆயுதப் புரட்சியை நாடினார்; 1910இல் தப்பிப் பிரெஞ்சுப் புதுவையை அடைந்தார். 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியது. புதுவையிலிருந்த தேசபக்தர்மேல் ஆங்கில அரசுக்கு ஐயம் மிகுந்தது. அவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுமாறு பிரெஞ்சு அரசை நெருக்கியது. நாடு கடத்தப்படுமுன் பின்வருவோருக்கு ஏதேனும் விட்டுச்செல்ல விழைந்த ஐயர் செய்தது யாது? திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்! போப் ஐயரின் பெயர்ப்பு 1886 முதல் இருந்தும் இதனை மேற்கொண்டார். 1916இல் நூல் வெளிவந்தது. அதைப் படிப்போர் பழைய ஆங்கில வேதாகமத்தின் நடையை அதில் செவியுறக் கூடும். ஆட்சியைப் பகைத்தவர் மொழியைப் பகைக்கவில்லை. நம் சபைகளை ‘வெள்ளையர் மதம்’ என இகழ்வோரும், அவ்விகழ்ச்சிக்கு அஞ்சி நாணுவோரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அதே யுத்தம் நம்மையும் தீண்டிற்று. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபைகளில் ஊழியஞ்செய்த லைப்சிக் மிஷனெரிகள், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால் காவலில் வைக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களோ எம்டனை அழைத்தவரல்லர். சுவீடன் மிஷனெரிகள் பாரத்தை ஏற்றனர்; 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. இன்று அதன் தலைமையகம் திருச்சியிலேயே உள்ளது.

இனி வேதத்திற்கு வருவோம். எகிப்தின் குதிரைகளை நம்புவோரை ஏசாயா 31ஆம் அதிகாரம் கடிந்துகொள்கிறது. 45ஆம் அதிகாரமோ அந்நிய மன்னன் கோரேசை ஆண்டவரால் அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துப் பிரசங்கிப்பது எளிது. நாமும் அவ்வாறு செய்ததுண்டு. ஆயினும் கோரேசு சிறைப்பட்டோரை வீடு திரும்பவிட்டான் என்பதை மறத்தலாகாது. அந்நிய வல்லரசு நம் எதிரியைப் பகைக்கிறதா என்பதன்று கேள்வி. தன் கைக்குள் அகப்பட்ட எளியோரை அது எவ்வாறு நடத்துகிறது என்பதே.

1943இல் சுபாஷ் சந்திர போஸ் ஜப்பானின் துணையோடு சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தைப் புத்துயிர்ப்பித்தபோது, மலேயாத் தோட்டத் தமிழர் பலர் மனமுவந்து சேர்ந்தனர். அவர்தம் தியாகத்தைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. அதே ஆண்டில் அதே ஜப்பான், சயாம்–பர்மா இரயில் பாதைக்கென அதே தோட்டங்களிலிருந்து தமிழரைக் கொண்டுசென்றது. நோயாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர். ஒரே லயத்து வீடுகளிலிருந்து இரு திசையிலும் சென்றோர் இருந்திருத்தல் கூடும்.