நார்மானிய வீரனுக்கு உடை தேர்தல்

கி.பி. 1066 அக்டோபர் 14ஆம் நாள், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருகே நார்மண்டிக் கோமகன் வில்லியம் ஆங்கில மன்னன் ஹெரால்டை வென்றான். அப்போரை, அது நிகழ்ந்த இடத்திலேயே மக்கள் கூடி நடித்துக் காட்டும் வழக்கம் இக்காலத்தில் உண்டு. இத்தகைய மீள்நடிப்பில் உரையாடல் குறைவு, உடையே பேசுகிறது. அது பொய் பேசினால், காண வரும் சிறுவன் அப்பொய்யையே வரலாறு என்று வீட்டுக்குக் கொண்டுசெல்வான்.

'நார்மானியன்' என்னும் பெயர் மட்டும் உடை தேரப் போதாது. எந்த ஆண்டினன், என்ன தகுதியினன் என்னும் இரண்டையும் முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். நம் பள்ளி மேடைகளில் எந்நாட்டு மன்னனுக்கும் ஒரே சரிகை அங்கி போதும் என்று நாம் அமைதி கொள்கிறோம். அங்கும் அதே நிலைதான். உடல் முழுதும் மூடும் தகட்டுக் கவசத்தோடு 1066ஆம் ஆண்டு வீரனாக வந்து நிற்பவர் உளர். அக்கவசம் 15ஆம் நூற்றாண்டுக்குரியது. ஒரு தலைமுறைக்குள்ளும் வழக்கம் மாறியது. வில்லியமின் மகன் ரூஃபஸ் ஆட்சியில் (1087-1100) நீள்முடியும் கூர்முனைக் காலணியும் பரவியதை ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் துறவி கடிந்து எழுதியுள்ளார்.

நமக்குக் கிடைத்த தலையாய சான்று பாயோ திரைச்சீலை. நெய்த சித்திரம் என்பர். உண்மையில் அது லினன் துணியில் கம்பளி நூலால் இட்ட பூத்தையல். நீளம் ஏறத்தாழ 70 மீட்டர். உயரம் அரை மீட்டர். போர் முடிந்து சில ஆண்டுகளிலேயே தைக்கப்பட்டது என்பது அறிஞர் பலர் துணிபு. நார்மானியர் பலருக்குப் பிடரி மயிர் மழிக்கப்பட்டிருப்பதையும், ஆங்கிலேயர் மீசை வைத்திருப்பதையும் அதிற் காணலாம்.

ஆயினும் சீலையை அப்படியே நம்புதலும் ஆகாது. இரும்பு வளையங்களைக் கோத்த கவசச் சட்டை அதில் காற்சட்டைபோல் இரு தொடையையும் தனித்தனியே கவ்வியிருக்கிறது. குதிரை ஏறுபவன் அதனை எவ்வாறு அணிவான்? விடை சீலையின் கீழ்க்கரையிலேயே உள்ளது. அங்கே மாண்டவர்களின் கவசத்தைத் தலைவழியாக உருவுகின்றனர். கால்கள் தைத்து மூடியிருப்பின் அவ்வாறு உருவ இயலாது. ஆகவே அது முன்னும் பின்னும் பிளந்த முழங்காலளவுச் சட்டை. தைத்தவர் கைவண்ணமே நம்மை மயக்கியது. மாணவர்க்குச் சான்றாய்வு கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

தலைக்கவசம் கூம்பு வடிவினது. மூக்கை மறைக்க ஒரு பட்டை மட்டும் இறங்கும். அதுவே ஆளை மறைக்கப் போதுமானது. தான் மாண்டதாக எழுந்த வதந்தியை ஒழிக்க வில்லியம் கவசத்தைத் தூக்கி முகம் காட்டும் காட்சி சீலையில் உண்டு. கேடயம் நீண்டு, கீழே கூர்ந்திருக்கும். அதில் அணிவேலைப்பாடு இருக்கலாம். குலச்சின்னம் எழுதுதல் பிழை. அவ்வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் தோன்றியது.

அன்றாட உடைக்கு வருவோம். உள்ளே லினன் சட்டை. மேலே கம்பளி அங்கி. பருத்தியைத் தவிர்க்க. இருக்க வேண்டிய இடங்களில் பொத்தான் இராது. காலுறைமேல் கம்பளிப் பட்டை சுற்றுவதுண்டு. பழைய காவலர் சுற்றிய 'பட்டி'யை நினைவூட்டும். மேலாடையை வலத்தோளில் உலோக ஊக்கால் பிணைத்தால் வாளேந்தும் கை தடையின்றி இயங்கும். சாயங்கள் செடிகொடிகளினின்று வந்தவை. சிவப்பு நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த வேரினின்று கிடைத்தது. நீலம் தந்த 'வோடு' வேறொரு செடி எனினும், நிறம் தரும் பொருள் நம் அவுரியில் உள்ளதேயாம். ஆகவே பலர் எண்ணுவதுபோல் எல்லாரையும் சேற்று நிறத்தில் நிறுத்த வேண்டுவதில்லை. பெண்டிர்க்குச் சீலையின் நடுப்பகுதியில் மூவரே சான்று: நீண்ட அங்கி, தலைமூடி.

பணம் குறைந்தவர் வாளும் கவசமும் தேடி முதலில் ஓட வேண்டா. அவை செல்வர்க்குரியன. குதியற்ற தோற்காலணியும் நல்ல கம்பளி அங்கியும் முதலில் அமையட்டும், வில்லாளனாக நிற்கலாம். போர்த் தொடக்கத்தில் சீலை காட்டும் நார்மானிய வில்லாளர் நால்வருள் கவசம் பூண்டவன் ஒருவனே.