இளவரசியும் 'அலொக்தோன்'தான்!

நெதர்லாந்தின் பட்டத்து இளவரசி அமாலியா, 2003-ல் ஹேக் நகரில் பிறந்தவர். ஆனாலும் அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2016 வரை அவர் ஓர் 'அலொக்தோன்'. அதாவது, அந்நிய வம்சாவளி. அம்மா மாக்சிமா அர்ஜென்டினாவில் பிறந்தவர் அல்லவா! அப்பா, மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் தப்பவில்லை. அவருடைய தந்தை ஜெர்மனிக்காரர்.

அன்றைய விதிப்படி, பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்திருந்தால் போதும். பிள்ளை ஆம்ஸ்டர்டாமிலேயே பிறந்து, டச்சு தவிர வேறு மொழி அறியாவிட்டாலும் அலொக்தோன்தான். 'வேற்று மண்' என்னும் பொருள் தரும் இந்தக் கிரேக்க வழிச் சொல், பாறைகளைப் பற்றிப் பேச நிலவியலாளர்கள் பயன்படுத்துவது. அரசுக்காக 1971-ல் வெளிவந்த அறிக்கை ஒன்றின் வழியே அதை மனிதர்கள்மேல் ஒட்டியவர் சமூகவியலாளர் ஹில்டா ஃபெர்வெய்-யோங்கர். யாரையும் புண்படுத்தாத சொல் என்று நினைத்திருக்கலாம்.

வினை வந்தது உட்பிரிவில். 'மேற்கத்தியர்', 'மேற்கத்தியர் அல்லாதவர்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். துருக்கி, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா எல்லாம் இரண்டாவது பட்டியலில். ஆனால் ஜப்பானும் இந்தோனேசியாவும் மேற்கு! ஜப்பானிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகளின் குடும்பங்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களில் பலர் டச்சுக் காலனி நாட்களில் அங்கே பிறந்தவர்கள். டச்சு மொழியே ஆட்சிமொழியாக உள்ள சுரினாமோ மேற்கு இல்லை. டச்சு பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கும், கரீபியக் கடலின் குராசோ தீவுக்காரரும் மேற்கத்தியர் இல்லை. பூகோளம் படித்த எவரும் போடாத வரைபடம் இது. உண்மையில் இவர்கள் அளந்தது திசையை அல்ல, வசதியை.

தெருவில் இந்தச் சொல் இன்னும் சுருங்கிப்போனது. ஜெர்மானியரின் மகனை யாரும் அப்படி அழைக்கவில்லை. மொராக்கோக்காரரின் பேரனை அழைத்தார்கள். இத்தனைக்கும் பேரன் தலைமுறை, அரசுக் கணக்கிலேயே 'மண்ணின் மைந்தர்'!

பக்கத்து பெல்ஜியத்தின் 'தெ மோர்கன்' நாளிதழ் 2012-லேயே இச்சொல்லைக் கைவிட்டது. நெதர்லாந்து அரசு 2016-ல் விட்டது. பதிலுக்கு வந்தது, 'புலம்பெயர்வுப் பின்னணி உள்ளவர்'. மேற்கு, மேற்கல்லாதது என்ற பிரிவினை மட்டும் அப்படியே தொடர்ந்தது. பலகை மாறியது, கடை மாறவில்லை. பிரித்துப் பார்ப்பது கணக்கோடு நிற்கவில்லை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பெற்றோர்மேல் தவறாகக் குற்றம் சுமத்தப்பட்ட விவகாரத்தில், மக்களின் குடியுரிமை விவரங்களை வரித்துறை பாரபட்சமாகப் பயன்படுத்தியதை 2020-ல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அம்பலப்படுத்தியது. அந்த விவகாரத்தால் 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருத்தேயின் அரசே பதவி விலகியது.

மேற்கு, மேற்கல்லாதது என்ற பிரிவினையைப் புள்ளிவிவரத் துறை கைவிட்டது 2022-ல்தான். அங்கே பிறந்த ஈழத்துப் பிள்ளையின் கணக்கில் இப்போது முதலில் வருவது 'நெதர்லாந்தில் பிறந்தவர்' என்பது. பெற்றோர் பிறந்த நாடு அதற்கு அடுத்துத்தான்.