சீனி தின்னும் ஈஸ்ட் செம்பனையை வெல்லுமா?

ஜெஞ்சாரோமிலிருந்து கேரித் தீவுப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் செம்பனைதான். இந்த மரமே இல்லாமல் செம்பனை எண்ணெய் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? முடியும். ஆனால் என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

நியூயார்க்கில் 2017-இல் தொடங்கப்பட்ட சி16 பயோசயின்சஸ் என்ற ஸ்டார்ட்அப் நிறுவனம் அதைத்தான் செய்கிறது. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். அதன் மூலக்கூறில் 16 கார்பன் அணுக்கள். நிறுவனத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. தொட்டியில் வளரும் ஒரு வகை ஈஸ்ட்டுக்குச் சீனி கொடுத்தால், அது உடலுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அதைப் பிரித்தெடுத்தால் செம்பனை எண்ணெயைப் போன்ற எண்ணெய் கிடைக்கும். காட்டை அழிக்க வேண்டாம். கன்று நட்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டாம். சில நாள்களிலேயே அறுவடை.

அப்படியானால் நம் தோட்டங்களின் கதி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேதியியல் விதிப்படி, ஈஸ்ட் ஒரு கிலோ எண்ணெய் தர குறைந்தது 3 கிலோ சீனி வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடும். அண்மைய ஆண்டுகளில் செம்பனை எண்ணெய் டன் சுமார் 4,000 ரிங்கிட், அதாவது கிலோ 4 ரிங்கிட். அப்படியென்றால் சீனி கிலோ 1.33 ரிங்கிட்டுக்குக் கிடைத்தாலும் முழுப்பணமும் சீனிக்கே போய்விடும். தொட்டி, மின்சாரம், சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

செம்பனைக்கோ சூரிய ஒளி இலவசம். ஒரு ஹெக்டரில் ஆண்டுக்கு 3 முதல் 4 டன் எண்ணெய் தருகிறது. சோயாவில் அரை டன்தான். ஆலையில் மிஞ்சும் நாரும் ஓடுமே கொதிகலனுக்கு எரிபொருள். சிலாங்கூரில் 1917-இல் முதல் வணிகத் தோட்டம் தொடங்கியதிலிருந்து நூறாண்டுகளாகச் சேர்ந்த அனுபவம் இது.

இதே கணக்கு முன்பு ஒரு நிறுவனத்தைக் கவிழ்த்திருக்கிறது. கலிபோர்னியாவின் சோலாசைம் 2003-இல் தொடங்கி, பாசிக்குச் சீனி கொடுத்து எண்ணெய் எடுத்தது. எரிபொருள் சந்தையைக் குறிவைத்தது. பெட்ரோலிய விலையோடு போட்டியிட முடியவில்லை. பெயரை மாற்றி உணவுப் பக்கம் திரும்பியும், 2017-இல் திவாலானது.

சி16 அதனால்தான் முதலில் அழகுப் பொருள் சந்தைக்குப் போனது. முகக் களிம்பில் எண்ணெய் கொஞ்சம், விலை அதிகம். புதியவர்கள் நுழையும் வாசல் அதுதான். சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு அவர்களால் இன்னும் வர முடியவில்லை.

அதற்காக நாம் தூங்கிவிடக் கூடாது. கழிவுப் பொருளையே தின்னும் ஈஸ்ட் மலிவாக வந்தால் கணக்கு மாறும். அடுத்த முறை 'புதிய கண்டுபிடிப்பு' என்ற செய்தியைப் படிக்கும்போது இதைக் கேளுங்கள்: ஒரு கிலோ வெளியே வர, எத்தனை கிலோ உள்ளே போகிறது?