துணி மாற்றும்போது பார்க்க வேண்டிய நிறம்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் பெரிதாகப் பதறுவதில்லை. காலை இளவெயிலில் காட்டினால் இறங்கிவிடும் என்பார்கள். பெரும்பாலும் தானாகவே இறங்கியும் விடுகிறது. அந்த நம்பிக்கையின் மறைவில் அரிதான ஒரு நோய் தப்பிவிடுகிறது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளங்கள் சில சிசுக்களுக்குத் தழும்பேறி அடைபட்டுப் போகின்றன. மலத்துக்கு நிறம் தருவது பித்தநீர். அது குடலுக்கு வராதபோது மலம் வெளிறிக் களிமண் நிறமாகிறது. சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிகிறது. தொடக்க வாரங்களில் குழந்தை நன்றாகவே பால் குடிக்கும். உள்ளேயோ தேங்கிய பித்தநீர் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும். சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இதற்கு வழி கண்டவர், 1950களில் ஜப்பானின் செண்டாய் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய். அடைபட்ட நாளங்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலிலேயே இணைத்துப் பித்தநீருக்குப் புதுவழி திறந்தார். ஆனால் நாள் கடக்கக் கடக்க, கல்லீரலுக்குள்ளிருக்கும் நுண்நாளங்களும் அழிகின்றன. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல் என்பது அதனால்தான். ஆகவே இந்த அறுவையின் வெற்றியில் ஒரு பங்கு, குழந்தைக்குத் துணி மாற்றுபவரிடம் இருக்கிறது. தைவான் இதைப் புரிந்துகொண்டு, மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை 2004இல் நாடு முழுவதும் குழந்தை நலக் கையேட்டில் சேர்த்தது. மறு ஆண்டில் அங்கே இந்த அறுவை செய்யப்பட்ட குழந்தைகளில் சுமார் 74 சதவீதத்தினருக்கு 60 நாட்களுக்குள்ளேயே அது நடந்தது.

இப்படிச் சொல்வது தாய்மாரை வீணாகப் பயமுறுத்தாதா என்று கேட்கலாம். மஞ்சள் கண்ட குழந்தைகளையெல்லாம் அறுவைக்கு அனுப்பச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தால், அந்த மஞ்சளைத் தரும் நிறமியான பிலிரூபினை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். எந்த வகைக் காமாலை என்று அதில் தெரிந்துவிடும். மலம் வெளுத்திருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கத் தேவையில்லை. கசாய் அறுவைக்குப் பிறகும் பலருக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறதே, நேராக அதையே செய்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி. மாற்று அறுவை உயிர் காக்கிறது என்பதில் ஐயமில்லை. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று 1998இல் டெல்லியில் நடந்தது. காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, இதே நோய்க்காக, தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்தார். ஆனால் அதற்கு இன்னொருவரும் கத்திக்குக் கீழே படுக்க வேண்டும். குழந்தை நெடுங்காலம் மருந்தோடு வாழ வேண்டும். உரிய நாளில் செய்த கசாய் அறுவை அந்தத் தேவையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. சிலர் சொந்தக் கல்லீரலோடே பெரியவர்களாகிறார்கள். இரண்டு மாதத்துக்குள் கிடைக்கும் இந்த வாய்ப்பை இளவெயிலில் காட்டியே கழித்துவிடக் கூடாது.