கழுதை கற்பித்த பாடம்

பாடம் ஏறாத பையனைக் "கழுதை!" என்று வைவது எங்கள் உபாத்தியாயர் வர்க்கத்தின் பழைய வழக்கம். ஆனால், ஒரு கழுதையே பாடம் கற்பித்த கதை நேயர்களுக்குத் தெரியுமோ?

அமெரிக்காவில் 1981-ம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனியார் மேஜைமீது வைக்கத்தக்க கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். அதில் 'பேஸிக்' பாஷையின் திறமையைக் காட்டுவதற்காக பில் கேட்ஸும் நீல் கொன்ஸென் என்னும் இளைஞரும் ஒரு சிற்றறையில், விடியற்காலை நாலு மணி வரை கண்விழித்து எழுதிய விளையாட்டின் பெயர் 'டாங்கி', அதாவது கழுதை.

திரையில் ஒரு சாலை. அதில் ஒரு கார். எதிரே கழுதை வரும். ஒரு விசையைத் தட்டினால் கார் பக்கத்துத் தடத்துக்கு விலகும். தவறினால் மோதல், கழுதைக்கே வெற்றி! அவ்வளவுதான் விளையாட்டு.

இதைப் பார்த்து, போட்டிக் கம்பெனியான ஆப்பிளின் நிபுணர்கள் நகைத்தார்கள். நகைக்கத்தக்கதுதான், சந்தேகமில்லை. ஆயினும் அதில் ஒளிவுமறைவு இல்லை. 'லிஸ்ட்' என்று கட்டளையிட்டால், கார் எப்படி விலகுகிறது, கழுதை எப்படி வருகிறது என்பதெல்லாம் வரி வரியாகத் திரையில் வந்து நிற்கும். சிறுவனும் படிக்கலாம், திருத்தியும் பார்க்கலாம்.

இன்றைய கார் விளையாட்டுக்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால், பெரும்பாலானவற்றின் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. குழந்தைகள் ஆடத் தெரிந்துகொள்கிறார்கள். ஆக்கத் தெரிந்துகொள்வது எப்படி?

இனி வகுப்பில் எவனையும் "கழுதை" என்று சொல்லுமுன் நான் சற்று யோசிப்பேன்.