உங்களுக்குத் தெரியுமா? வழக்கறிஞரையும் விசாரிக்கலாம்

மலேசியாவில் ஜாசின் தோட்டத்தில் இருந்தாலும் அலோர் காஜா பட்டணத்தில் இருந்தாலும், திவால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே வாதாடப்போகும் வழக்கறிஞரைப் பற்றி முன்கூட்டியே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மலேசிய நீதித்துறையின் இணையத்தளத்தில் எழுத்துத் தீர்ப்புகள் கிடைக்கின்றன. இரு தரப்பு வழக்கறிஞர் பெயர்களும் அவற்றில் இருக்கும். நீங்கள் விசாரிக்கும் வழக்கறிஞர் என்ன வாதம் வைத்தார், நீதிபதி அதை ஏன் ஏற்றார் அல்லது தள்ளினார் என்பதே ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. வெற்றி தோல்வியை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். கடனைப் பேசித் தீர்த்த பல வழக்குகளுக்கு எழுத்துத் தீர்ப்பே இருக்காது.

வழக்கறிஞர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை ஆணைகளை வழக்கறிஞர் மன்றம் வெளியிடுகிறது; அவர் பெயர் அவற்றில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: உறவினரின் வீட்டுக் கடனுக்கோ படிப்புக் கடனுக்கோ லாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவரைத் திவாலாக்கத் திவால் சட்டத்தின் 2017 திருத்தம் இடம் தரவில்லை. இது உங்களுக்குப் பொருந்துமா என்று முதல் சந்திப்பிலேயே அந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும்.